70 என்ற எண்ணை 'விந்தை எண்' என்று வகைப்படுத்துவதன் காரணம் என்ன?

கேள்வி: எண்வழி

அனைவருக்கும் வணக்கம். எண் கோட்பாட்டை நானாகவே படித்து வருகிறேன். ஒரு முழு எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கு எந்தெந்த வகைப்பெயர்கள் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதை ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறேன். இப்போது எடுத்திருக்கும் எண் 70.

70 = 2 × 5 × 7 என்பதால் அது இரட்டை எண், பகு எண்; எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் அதை மீதியின்றி வகுக்காது. அந்த எண்ணை விட்டுவிட்டால் அதன் காரணிகள் 1, 2, 5, 7, 10, 14, 35 என ஏழு. இவற்றின் கூட்டுத்தொகை 74. காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரியதாக இருப்பதால் 70 ஒரு மிகையெண். இதுவரை எனக்குக் குழப்பமில்லை.

ஆனால் நான் பார்த்த ஒரு பட்டியல், 70-ஐ மிகச் சிறிய விந்தை எண் என்றும் குறிப்பிடுகிறது. மிகையெண்ணாக இருந்தும், தன் காரணிகளில் எந்தச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டினாலும் தன்னையே எட்ட முடியாத எண்ணுக்கு அப்பெயர் என்று விளக்கம் தரப்பட்டிருந்தது. மொத்தமே 74 இருக்கும்போது சற்றுக் குறைத்து 70-ஐ எட்ட முடியவில்லை என்பதை என்னால் முதலில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தாளில் எழுதிப் பார்த்தேன். 35 + 14 + 10 + 7 + 2 + 1 = 69; 35 + 14 + 10 + 7 + 5 = 71. இருபுறமும் உள்ள எண்கள் கிடைக்கின்றன, 70 மட்டும் கிடைக்கவில்லை. ஏழு காரணிகளிலிருந்து 127 விதமான கூட்டல்கள் செய்யலாம் என்பதால், அத்தனையையும் எழுதிப் பார்க்காமல் இதை நிறுவ ஒரு வழி வேண்டும் என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சற்றுப் பொதுவானது. அதே பட்டியலில் 70 ஓர் ஐங்கோண எண், பெல் எண், ஹர்ஷத் எண் என்றெல்லாம் இருந்தது. இவை அனைத்தும் அந்த எண்ணின் உண்மையான பண்புகள்தாமா, இல்லை, சில வெறும் பெயர்கள் மட்டுமா? எவற்றை ஆழ்ந்து படிக்கலாம் என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வகுமீதி

உங்கள் முதல் கேள்விக்கு மிகச் சுருக்கமான ஒரு நிறுவல் உண்டு. எதைக் கூட்டுவது என்று தேடுவதை விட்டுவிட்டு, எதை நீக்குவது என்று கேளுங்கள்.

காரணிகள் அனைத்தையும் கூட்டினால் 74. அவற்றில் சிலவற்றை நீக்கி 70-ஐப் பெற வேண்டுமானால், நீக்கப்படும் காரணிகளின் கூட்டுத்தொகை சரியாக 4 ஆக இருக்க வேண்டும். 4-ஐவிடப் பெரிய காரணி எதையும் நீக்க முடியாது. நீக்கினால் கூட்டுத்தொகை 70-க்குக் கீழே போய்விடும். ஆகவே 5, 7, 10, 14, 35 ஆகிய ஐந்தும் கட்டாயம் இருந்தாக வேண்டும். எஞ்சியவை 1, 2 ஆகிய இரண்டே. அவற்றைக் கொண்டு 1, 2, 3 ஆகியவற்றைத்தான் உண்டாக்க முடியும், 4-ஐ உண்டாக்க முடியாது. 127 கூட்டல்களைப் பற்றிய கேள்வி, இரண்டு எண்களைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

நீங்கள் கண்ட 69-உம் 71-உம் இதே விளக்கத்திற்குள் வந்துவிடுகின்றன. 69 கிடைக்க வேண்டுமானால் 5-ஐ நீக்க வேண்டும்; 71 கிடைக்க வேண்டுமானால் 1 + 2 = 3-ஐ நீக்க வேண்டும். 3-க்கும் 5-க்கும் நடுவே உள்ள அந்த ஒற்றை இடைவெளியில்தான் 4 விழுகிறது. 70 விந்தை எண் ஆவதற்கு இதைத் தவிர வேறு காரணம் எதுவுமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 88-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் காரணிகள் 1, 2, 4, 8, 11, 22, 44, கூட்டுத்தொகை 92, மிகை (கூட்டுத்தொகை எண்ணைத் தாண்டும் அளவு) இங்கேயும் 4-தான். ஆனால் 4 என்பதே 88-இன் காரணியாக இருப்பதால் அதை நீக்கிவிட்டால் 88 கிடைத்துவிடுகிறது. இப்படித் தன் காரணிகளில் சிலவற்றின் கூட்டுத்தொகையாக அமையும் எண்ணை அரைச்செவ்விய எண் என்பர். 100 வரை 22 மிகையெண்கள் உள்ளன. அவற்றில் 70-ஐத் தவிர ஏனைய 21-உம் அரைச்செவ்விய எண்களே.

காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடச் சிறிதா, சமமா, பெரிதா என்பதை வைத்து எண்களை முறையே குறைவெண், செவ்விய எண், மிகையெண் என மூன்றாகப் பிரிப்பது மிகப் பழைய வழக்கம். கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் இப்பிரிவை விரிவாக விளக்கியிருக்கிறார். விந்தை எண் என்ற உட்பிரிவோ மிகப் புதியது. ஸ்டான்லி பென்கோஸ்கி 1972-இல்தான் அதற்குப் பெயரிட்டார். பழைய பிரிவு 'மொத்தம் எவ்வளவு?' என்று மட்டுமே கேட்கிறது. புதிய பிரிவு 'அந்த மொத்தம் எப்படிப்பட்ட துண்டுகளால் ஆனது?' என்று கேட்கிறது. 70-உம் 88-உம் ஒரே அளவு மிகை உடையவையாக இருந்தும் வேறுபடுவது இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

அடுத்த விந்தை எண் 836. அது 4 × 11 × 19. அதன் காரணிகள் 1, 2, 4, 11, 19, 22, 38, 44, 76, 209, 418, கூட்டுத்தொகை 844, மிகை 8. எட்டுக்கும் கீழே உள்ள காரணிகள் 1, 2, 4. அனைத்தையும் கூட்டினாலும் 7-தான் வரும். அடுத்த காரணி 11. இங்கும் அதே இடைவெளி. அதற்கடுத்த 4030, 5830 ஆகிய இரண்டிலும் மிகை 4-ஆகவே இருப்பதையும், சிறிய காரணிகள் 70-இல் உள்ளதைப் போலவே 1, 2, 5 என்று தொடங்குவதையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். காரணிகளைக் கையால் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இடைவெளி கண்ணில் படுவது அப்போதுதான்.

பதில் 2: முக்கோணி

முதல் கேள்விக்கு வகுமீதி அவர்கள் நிறைவாகப் பதிலளித்துவிட்டதால் நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வகைப்பெயரை எதிர்கொள்ளும்போது நான் முதலில் கேட்பது, 'இந்த எண்ணை வேறு அடிமானத்தில் எழுதினாலும் இப்பெயர் நிற்குமா?' என்பதே.

ஹர்ஷத் எண் என்பது தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண். 7 + 0 = 7; 70-ஐ 7 வகுக்கும்; ஆகவே 70 ஹர்ஷத் எண். இப்பெயரைச் சூட்டியவர் டி. ஆர். காப்ரேக்கர். எட்டின் அடிமானத்தில் 70 என்பது 106 என்று எழுதப்படும். இலக்கங்களின் கூட்டுத்தொகை அங்கும் 7-தான். ஆனால் இரண்டின் அடிமானத்தில் அது 1000110, கூட்டுத்தொகை 3, 70-ஐ 3 வகுக்காது. எண் மாறவில்லை, எழுதும் முறை மாறியதும் பண்பு மறைந்துவிட்டது. காப்ரேக்கரின் ஆய்வுகள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. என்றாலும் இப்பண்பு எண்ணுக்கும் அதன் எழுத்துக்கும் இடையே உள்ள உறவைச் சொல்வது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். விந்தை எண் என்ற பண்போ எந்த அடிமானத்திலும் மாறாது.

ஐங்கோண எண் என்பதை விரைவாகக் கடந்துவிடலாம். 7 × (3 × 7 − 1) ÷ 2 = 70; ஆகவே அது ஏழாவது ஐங்கோண எண். எட்டுப் பொருள்களிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையும் 70-தான் என்பது அதைவிடப் பயனுள்ள செய்தி. பாஸ்கல் முக்கோணத்தில் 1, 4, 6, 4, 1 என்ற வரியின் வர்க்கங்களைக் கூட்டினால், அதாவது 1 + 16 + 36 + 16 + 1 என்று கூட்டினால், அதே 70 வருவதைக் காணலாம்.

நின்று பார்க்க வேண்டியது பெல் எண் என்ற பெயரைத்தான். 1, 2, 5, 12, 29, 70 என்று செல்லும் இந்தத் தொடரில் ஒவ்வோர் எண்ணும், தனக்கு முன்னுள்ளதன் இருமடங்குடன் அதற்கும் முன்னுள்ளதைக் கூட்டக் கிடைப்பது; 2 × 29 + 12 = 70. இத்தொடரின் சிறப்பு, அது 2-இன் வர்க்கமூலத்தோடு கொண்டுள்ள உறவு. 99² = 9801; 2 × 70² = 9800. இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஒன்றே ஒன்று. ஆகவே 99/70 என்ற பின்னம் 2-இன் வர்க்கமூலத்திற்கு மிக நெருங்கியதாக, 1.41428 என்று அமைகிறது. உண்மையான மதிப்பு 1.41421. ஏ4 தாளின் அளவு 297 மில்லிமீட்டருக்கு 210 மில்லிமீட்டர். அவ்விரண்டையும் 3-ஆல் வகுத்துப் பாருங்கள்: 99, 70. தாளைப் பாதியாக மடித்தாலும் நீளத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதம் மாறாதிருக்க வேண்டுமென்றால் அவ்விகிதம் 2-இன் வர்க்கமூலமாக இருக்க வேண்டும். முழு மில்லிமீட்டரில் அதை நெருங்கும்போது இந்த இணை வந்து நிற்கிறது.

இத்தகைய இணைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக உண்டாக்கும் வழியைப் பிரம்மகுப்தர் 628-இலேயே தந்திருக்கிறார். 3² − 2 × 2² = 1, 17² − 2 × 12² = 1 ஆகிய இரண்டையும் அறிந்திருந்தால், 3 × 17 + 2 × 2 × 12 = 99 என்றும், 3 × 12 + 2 × 17 = 70 என்றும் பெருக்கிக் கூட்டி அடுத்த இணையைப் பெற்றுவிடலாம். அதற்கும் அடுத்த இணை 577, 408. வேள்விமேடை அமைப்பதற்கான பழைய இந்திய நூல்களான சுல்ப சூத்திரங்களில் 2-இன் வர்க்கமூலத்திற்குத் தரப்படும் மதிப்பு 577/408-க்குச் சமமானது.

இன்னொரு பண்பையும் சேர்த்துவிடுகிறேன். உங்கள் பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது. 1² + 2² + 3² என்று தொடங்கி 24² வரை கூட்டினால் 4900 வரும், அது 70². சதுர அடித்தளத்தின்மீது குண்டுகளைக் கூம்பாக அடுக்கி, அதே குண்டுகளைத் தரையில் ஒரே சதுரமாகப் பரப்ப முடியுமா என்ற புதிராக இதை எத்வார் லூக்கா 1875-இல் எழுப்பினார். ஒரே ஒரு குண்டு என்ற எளிய நிலையை விட்டுவிட்டால் 24 அடுக்கைத் தவிர வேறு விடையே இல்லை என்பதை 1918-இல் ஜி. என். வாட்சன் நிறுவினார். கூட்டல் வாய்பாட்டில் இதை நெருங்கிப் பாருங்கள்: 24 × 25 × 49 ÷ 6. இதில் 24-ஐ 6-ஆல் வகுத்தால் 4, எனவே 4 × 25 × 49, மூன்றும் வர்க்கங்கள், அவற்றின் வர்க்கமூலங்கள் 2, 5, 7. நீங்கள் முதல் வரியில் எழுதிய பகாக் காரணிகள் அப்படியே வெளியே வருகின்றன.

இது புதிரோடு நின்றுவிடவில்லை. 0 முதல் 24 வரையுள்ள 25 எண்களோடு 70-ஐயும் சேர்த்து 26 ஆயங்களாக (ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்கும் எண்களாக) கொண்டு, கடைசி ஆயத்தின் வர்க்கத்தை மட்டும் கழிக்கும் முறையில் நீளத்தைக் கணக்கிட்டால் விடை பூச்சியம். ஜான் லீச் 1967-இல் வெளியிட்ட 24 பரிமாணப் புள்ளிவலையை (சீரான இடைவெளியில் அமைந்த புள்ளிகளின் அமைப்பை) இந்த 26 ஆயங்களிலிருந்தே பெற முடியும் என்பதை ஜான் கான்வே காட்டினார். அப்புள்ளிவலையில் கோளங்களை வைத்தால் ஒவ்வொரு கோளத்தையும் 1,96,560 கோளங்கள் தொட்டுக்கொண்டிருக்கும். எதை ஆழ்ந்து படிப்பது என்ற கேள்விக்கு என் விடை இதுவே: ஒரு பெயர் உங்களை வேறொரு தேற்றத்திற்கு அழைத்துச் செல்லுமானால் அதைப் பின்தொடருங்கள்.

எண்வழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீக்குவதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. 4030-ஐயும் 5830-ஐயும் எழுதிப் பார்த்தேன். 4030 = 2 × 5 × 13 × 31; காரணிகளின் கூட்டுத்தொகை 4034. 5830 = 2 × 5 × 11 × 53; கூட்டுத்தொகை 5834. இரண்டிலும் மிகை 4, சிறிய காரணிகள் 1, 2, 5. ஆகவே நிறுவல் ஒரு சொல்கூட மாறாமல் பொருந்துகிறது.

இதைத் தொடர்ந்து எழும் ஐயம் ஒன்று. மிகையெண்ணின் மடங்குகள் அனைத்தும் மிகையெண்களே என்று படித்திருக்கிறேன். அதைப்போல 70-இன் மடங்குகள் அனைத்தும் விந்தை எண்களாக இருக்குமா? அப்படியானால் விந்தை எண்கள் முடிவிலி என்பது உடனே கிடைத்துவிடுமே! ஒற்றைப்படையில் விந்தை எண் ஏதேனும் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 3: பகாத்தேடல்

மடங்குகள் அனைத்தும் விந்தை எண்கள் ஆகா. ஓர் எண் அரைச்செவ்வியதாக இருந்தால் அதன் மடங்குகள் அனைத்தும் அரைச்செவ்வியவையே என்பதே இதற்குத் தடை. 6 = 1 + 2 + 3 என்பதை 35-ஆல் பெருக்கினால் 210 = 35 + 70 + 105 என்று கிடைக்கிறது; ஆகவே 70-இன் மும்மடங்கு விந்தை எண் அன்று. அதேபோல 20 = 1 + 4 + 5 + 10 என்பதை 7-ஆல் பெருக்கினால் 140 = 7 + 28 + 35 + 70. இதிலிருந்து, எந்த விந்தை எண்ணும் 6-ஆல் வகுபடாது என்பதும் கிடைக்கிறது.

ஆயினும் உங்கள் எண்ணத்தில் ஒரு திருத்தம் செய்தால் அது மெய்யாகிவிடும். மடங்கை ஒரு பெரிய பகா எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரியது? 70-ஐயும் உள்ளடக்கிய அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 144. அதைவிடப் பெரிய எந்தப் பகா எண்ணால் 70-ஐப் பெருக்கினாலும் விந்தை எண்ணே கிடைக்கும். அத்தகைய முதல் பகா எண் 149, பெருக்கினால் 10430.

நிறுவல் இது. 10430-இன் காரணிகள், அந்த எண்ணை விட்டுவிட்டால், இருவகைப்படும். முதல் வகை 70-இன் காரணிகள், 70 உட்பட. இரண்டாம் வகை, 70-ஐவிடச் சிறிய அதன் காரணிகளை 149-ஆல் பெருக்கக் கிடைப்பவை. இவற்றில் சிலவற்றைக் கூட்டி 10430-ஐப் பெற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். 10430-ஐயும் 149 வகுக்கும். இரண்டாம் வகையிலிருந்து எடுத்தவற்றின் கூட்டுத்தொகையையும் 149 வகுக்கும். எனவே முதல் வகையிலிருந்து எடுத்தவற்றின் கூட்டுத்தொகையையும் 149 வகுத்தாக வேண்டும். ஆனால் அக்கூட்டுத்தொகை 144-ஐத் தாண்டாது. ஆகவே அது பூச்சியமாகத்தான் இருக்க முடியும். அதாவது முதல் வகையிலிருந்து எதையுமே எடுக்கவில்லை. அப்படியானால் இரண்டாம் வகை மட்டுமே 10430-ஐத் தருகிறது. இருபுறமும் 149-ஆல் வகுத்தால், 70-இன் காரணிகள் சில சேர்ந்து 70-ஐத் தருகின்றன என்றாகிவிடும். அது நடவாது என்பதை வகுமீதி அவர்கள் ஏற்கெனவே காட்டிவிட்டார். 10430 மிகையெண் என்பதில் ஐயமில்லை. அது மிகையெண் ஒன்றின் மடங்கு.

149-இன் இடத்தில் 151, 157, 163 என்று எந்தப் பகா எண்ணை வைத்தாலும் இதே வாதம் செல்லும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதால் விந்தை எண்களுக்கும் முடிவில்லை. பென்கோஸ்கியும் பால் ஏர்டோஷும் 1974-இல் இதைவிட வலிமையான ஒன்றை நிறுவினர்: விந்தை எண்கள் இயல் எண்களில் பூச்சியமல்லாத ஒரு பங்கை நிரப்புகின்றன. அதே நேரத்தில், சிறிய விந்தை எண் எதன் மடங்காகவும் அமையாத 'மூல' விந்தை எண்கள் முடிவிலியா என்பது இன்னும் விடை காணப்படாத கேள்வி. 70, 836, 4030 ஆகியவை இந்த மூல வகையைச் சேர்ந்தவை.

ஒற்றைப்படை விந்தை எண் இதுவரை ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை; இல்லை என்றும் நிறுவப்படவில்லை. 10²¹ வரை கணினி கொண்டு தேடியும் எதுவும் கிட்டவில்லை. இது ஏன் கடினமானது என்பதை ஓரளவு உணர்ந்துகொள்ள முடியும். ஓர் ஒற்றைப்படை எண்ணுக்கு இரண்டே பகாக் காரணிகள் இருந்தால், அவற்றின் அடுக்குகளை எவ்வளவு உயர்த்தினாலும், அந்த எண் உட்பட எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணின் 3/2 × 5/4 = 15/8 மடங்கை எட்டாது; மிகையெண்ணாவதற்கு 2 மடங்கைத் தாண்ட வேண்டும். ஆகவே குறைந்தது மூன்று வெவ்வேறு பகா எண்கள் வேண்டும். மிகச் சிறிய ஒற்றைப்படை மிகையெண் 945, அதாவது 27 × 5 × 7. அதில் 3-ஐ விலக்கிவிட்டால் நிலைமை எவ்வளவு இறுகுகிறது என்பதற்கு, 3-ஆல் வகுபடாத மிகச் சிறிய ஒற்றைப்படை மிகையெண் 539,14,11,025 என்பதே சான்று. 5 முதல் 29 வரையுள்ள எட்டுப் பகா எண்களும் அதற்குத் தேவைப்படுகின்றன.

இப்படிப் பல பகா எண்களைத் திரட்டும்போது சிறிய காரணிகள் நெருக்கமாக அமைந்துவிடுகின்றன. 945-இன் மிகை 30. நீக்க வேண்டிய அந்த 30-ஐ 27 + 3 என்றும் பெறலாம், 21 + 9 என்றும் பெறலாம். 70-இல் 3-க்கும் 5-க்கும் நடுவே கிடைத்த இடைவெளி இங்கே அடைபட்டுப்போகிறது. இது நிறுவல் அன்று, ஒரு போக்கு மட்டுமே என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

வகுமீதி

என் முதல் பதிலில் ஒரு குறை இருக்கிறது, அதைச் சரிசெய்துவிடுகிறேன். நான் காட்டிய எடுத்துக்காட்டுகள் அனைத்திலும், மிகச் சிறிய இரண்டு மூன்று காரணிகளைக் கூட்டியதும் இடைவெளி வந்துவிடுகிறது. எப்போதும் அப்படித்தான் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது.

10,000-க்குள் ஏழே விந்தை எண்கள் உள்ளன: 70, 836, 4030, 5830, 7192, 7912, 9272. இவற்றில் கடைசி எண் சற்று மாறுபட்டது. 9272 = 8 × 19 × 61; காரணிகளின் கூட்டுத்தொகை 9328; மிகை 56. நீக்கத் தகுந்த, அதாவது 56-ஐத் தாண்டாத காரணிகள் 1, 2, 4, 8, 19, 38. முதல் நான்கைக் கொண்டு 15 வரை எல்லா எண்களையும் உண்டாக்கலாம். 19-ஐச் சேர்த்தால் 19 முதல் 34 வரை. 38-ஐச் சேர்த்தால் 38 முதல் 53 வரை. இரண்டையும் சேர்த்தால் 57 முதல் 72 வரை. 53-க்கும் 57-க்கும் நடுவே 54, 55, 56 ஆகிய மூன்று எண்கள் விடுபடுகின்றன. 56 அவற்றில் கடைசி. மிகை ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் 19 + 38 என்று நீக்கி எண்ணை எட்டியிருக்கலாம்.